வில்லை விட்ட அம்பும் பிராரப்த வினையும்

நாணை விட்டுப் பிரிந்த அம்பை அதன் பிறகு செலுத்துவது எது? நாண் பின்னே தங்கிவிட்டது. வில்லாளியின் கை அம்பைத் தொடவில்லை. ஆனாலும் அம்பு பறக்கிறது. இயற்பியலின் மிகப் பழைய புதிர்களுள் ஒன்றான இது, இந்திய மெய்யியலில் வேறொரு கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது: ஞானம் அடைந்தவரின் உடல் அந்தக் கணமே ஏன் விழுவதில்லை?

இயங்கும் பொருளை ஏதோ ஒன்று இடைவிடாமல் இயக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. எறிந்த பொருளைச் சூழ்ந்த காற்றே அதைத் தள்ளிச் செல்கிறது என்று அவர் விளக்கினார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஜான் பிலோப்போனஸ் இதை ஏற்கவில்லை. காற்றுதான் தள்ளுகிறதென்றால் வில்லும் நாணும் எதற்கு, அம்பின் பின்னால் காற்றை அசைத்தாலே போதுமே என்று கேட்டார். எறிபவர் ஓர் ஆற்றலைப் பொருளுக்குள்ளேயே பதிக்கிறார் என்பது அவர் கண்ட விடை.

கணாதரின் வைசேஷிக சூத்திரமும் அம்பை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய இதே இடத்துக்கு வருகிறது. முதல் அசைவு நாணின் உந்துதலால் பிறக்கிறது. அந்த அசைவு அம்பில் சம்ஸ்காரம் என்னும் பதிவை உண்டாக்குகிறது. அடுத்தடுத்த அசைவுகள் அதிலிருந்து எழுகின்றன. சம்ஸ்காரம் அற்றதும் அம்பு தன் எடையால் விழுகிறது. பின்வந்த பிரசஸ்தபாதர் சம்ஸ்காரத்தை மூன்றாகப் பகுத்தார். அம்பை ஒரு திசையில் கொண்டுசெல்வது வேகம். வளைந்த வில்லைப் பழைய நிலைக்குத் திருப்புவது ஸ்திதிஸ்தாபகம். ஆன்மாவில் தங்கி நினைவை எழுப்புவது பாவனை. பறக்கும் அம்பையும் பழையதை நினைக்கும் ஆன்மாவையும் ஒரே வகைக் குணத்தால் விளக்கியது இந்தத் தரிசனத்தின் பெருமைக்குரிய துணிவு. முடிந்துபோன ஒரு செயல் பின்னொரு நாளில் எப்படி விளைவு தருகிறது என்பதே இரண்டிலும் உள்ள சிக்கல். வினைப்பயனுக்கு வைசேஷிகர்கள் அதிருஷ்டம் என்ற தனிக் குணத்தைச் சொன்னாலும், அங்கேயும் சிக்கல் இதுவேதான்.

அத்வைத மரபு இந்த அம்பை அப்படியே எடுத்துக்கொண்டது. தூணியில் கிடக்கும் அம்புகள் சேர்ந்து கிடக்கும் சஞ்சித வினை, நாணில் தொடுத்தது இனி சேரவிருக்கும் ஆகாமியம், எய்துவிட்டது இந்த உடலாகப் பயன் தரத் தொடங்கிவிட்ட பிராரப்தம். ஞானம் முதல் இரண்டையும் செயலற்றதாக்கும், மூன்றாவதைத் தடுக்காது. எய்த அம்பு இலக்கைத் துளைத்த பிறகும் வேகம் தீர்ந்த பின்பே விழுகிறது என்று கீதையின் 13ஆம் அத்தியாய உரையில் சங்கரர் எழுதுகிறார். பிரம்ம சூத்திர உரையில் அவர் காட்டுவது, குயவர் கையெடுத்த பிறகும் சுழலும் சக்கரம். சாங்கிய காரிகையிலும் அந்தச் சக்கரம் உண்டு. சங்கரர் பெயரில் வழங்கும் விவேக சூடாமணியின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது: புலி என்று எண்ணி எய்த அம்பு, எதிரில் இருப்பது பசு என்று தெரிந்த பிறகும் நின்றுவிடாது. சைவ சித்தாந்தமும் உடலுக்கு உரிய பிராரப்தம் நுகர்ந்தே கழியும் என்கிறது.

கலிலியோ 1638இல் வெளியிட்ட நூல் அம்பின் பாதையை வேறுவிதமாகக் காட்டியது. கிடைத்திசையில் சீரான இயக்கம், கீழ்நோக்கி முடுக்கமுள்ள இயக்கம். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன, பாதை பரவளையமாகிறது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிடையாக எய்த அம்பு, காற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சுமார் 0.55 நொடியில் 28 மீட்டர் தள்ளி மண்ணில் விழும். அதே உயரத்திலிருந்து வெறுமனே நழுவவிட்ட அம்புக்கும் அதே 0.55 நொடிதான். வேகம் இருக்கும்வரை எடை தடுக்கப்பட்டிருக்கும் என்ற வைசேஷிகக் கருத்து இங்கே நிற்காது. நாணை விட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பு அம்பை இழுக்கிறது. 1687இல் நியூட்டனின் முதல் விதி அடிப்படைக் கேள்வியையே மாற்றியது: நேர்கோட்டில் சீராகச் செல்லும் பொருளுக்குச் செலுத்தும் காரணமே வேண்டாம், வேகமோ திசையோ மாறினால்தான் காரணம் தேட வேண்டும்.

அப்படியானால் பிராரப்த உவமை என்ன ஆகிறது? அதன் முதல் பாதி உறுதிப்படுகிறது. எய்தவரின் மனம் மாறுவது அம்பின்மேல் செயல்படும் விசை அன்று. ஆகவே அம்பு தொடர்வதில் வியப்பில்லை. எரிபொருள்போல வேகம் தானே தீர்ந்துபோகும் என்ற எண்ணம்தான் விழுகிறது. ஆனால் மூல நூல்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொடுவுணர்வுக்கு உட்பட்ட பொருள்களோடு ஏற்படும் சேர்க்கை வேகத்தை அழிக்கிறது என்பது பிரசஸ்தபாதரின் கூற்று. காற்றும் இலக்கும் அத்தகைய பொருள்களே. பிரம்ம சூத்திரமும் பிராரப்தம் அனுபவத்தால் கழிகிறது என்கிறது. உலகோடு உரசித்தான் அது தேய்கிறது என்ற கருத்துக்கு நியூட்டனின் விதியால் குறையில்லை.

உவமை எட்டாத இடம் ஒன்று உண்டு. அம்பு அறியாமையால் ஆனதன்று. அத்வைதத்தில் உடல் அறியாமையின் விளைவு. காரணம் அழிந்த பிறகு விளைவு எப்படி நிற்கும்? சங்கரர் இந்த எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. சக்கரத்தைச் சொன்ன அதே இடத்தில், இரண்டு நிலவு தெரிவது பொய் என்று அறிந்த பிறகும் அந்தத் தோற்றம் சம்ஸ்காரத்தால் சிறிது காலம் நீடிப்பதைக் காட்டுகிறார். பிரம்மத்தை அறிந்தபடியே உடலோடும் இருப்பவரின் சொந்த அனுபவத்தைப் பிறர் மறுக்க முடியாது என்பது அவருடைய இறுதி வாதம். விவேக சூடாமணி இன்னும் ஒரு படி மேலே போய், பிராரப்தம் என்பதே ஞானியின் உடலைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்களுக்காகச் சொன்னது, விழித்தவருக்குக் கனவுடல் இல்லாததுபோல ஞானிக்கு அது இல்லை என்று முடிக்கிறது.