கடைசி நினைவு யாருடையது?



கீதையின் எட்டாம் அத்யாயத்தைச் சேவிக்கும்போது வயது முதிர்ந்த பலருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் உண்டாவதுண்டு. அந்திம காலத்தில் தன்னையே நினைத்து உடலை விடுபவன் தன்னை அடைகிறான் என்று கண்ணன் அங்கு அருளிச்செய்கிறான். அடுத்த ச்லோகத்தில், எதனை நினைத்து ஒருவன் உடலை விடுகிறானோ அதனையே அடைவான் என்று அதைப் பொதுவிதியாகவும் ஆக்கிவிடுகிறான். மான்கன்றை நினைத்தபடி உயிர்நீத்து மானாகவே பிறந்த ஜடபரதரின் சரித்திரத்தை இதற்கு உதாஹரணமாகச் சொல்வார்கள். நினைக்க வேண்டும் என்பது சரி. நினைப்பதற்கான கரணமே பழுதுபட்டுவிட்டால் என் செய்வது?

அடியேனுக்கு இக்கேள்வி காலக்ஷேபத்தில் எழுந்ததன்று. அடியேனுடைய அம்மா, எம் குழந்தைகளின் பாட்டி, சென்ற ஆண்டு ஆசார்யன் திருவடி சேர்ந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தால் தெரியும் ஒரு தெருவில் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தவர். பள்ளிப்படிப்பு அதிகமில்லை. ஆயினும் திருப்பல்லாண்டும் திருப்பாவையும் இராமாநுச நூற்றந்தாதியும் அடுக்களையில் கைவேலையோடு வேலையாக ஓடிக்கொண்டிருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பேருந்தேறித் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கல்யாண சௌந்தரவல்லித் தாயார் ஸந்நிதி மண்டபத்தில் பேரக்குழந்தைகளைத் தூண் தூணாக அழைத்துப் போவார். உலகளந்த பெருமாளின் தூக்கிய திருவடிக்குக் கீழே நிறுத்தி, மாவலி அன்று எவ்வளவு உயரம் பார்த்திருப்பான் என்று கழுத்தை வளைத்துக் காட்டுவார். குழந்தைகளுக்கு அந்தக் கோயில் தெரிந்தது கல்லால் அன்று, பாட்டியின் குரலால்.

கடைசி நான்கு ஆண்டுகளில் இவை ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. முதலில் காலையில் உண்டது மறந்தது. பின் எங்கள் பெயர்கள். பிறகு நாங்கள் யார் என்பது. எல்லாம் மறந்தும் பாசுரம் மட்டும் நாவில் நின்றது என்று சில இல்லங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படி எழுத அடியேனுக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் இல்லத்தில் அவ்வாறு நிகழவில்லை. மார்கழியில் அருகே அமர்ந்து திருப்பாவை சேவித்தபோது, யாரோ புதிதாக எதையோ சொல்வதுபோல் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இறுதி நாளிலும் திருநாமம் எதுவும் வாயில் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்த முதியவர் ஒருவர், "இவ்வளவு சேவித்தவருக்குக் கடைசியில் பெருமாள் பெயர் வரவில்லையே" என்று மெல்லச் சொன்னார். கெட்ட எண்ணத்தால் சொன்னதில்லை. அவருக்குத் தம்மைப் பற்றிய பயம் அது.

அந்தப் பயத்தை ஆழ்வார்கள் அறியாதவர்கள் அல்லர். பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் பத்தாம் திருமொழி முழுவதும் இதைப் பற்றியதே. எய்ப்பு வந்து நலியும்போது நினைக்க முடியாமற் போகலாம் என்பதை ஆழ்வார் முன்கூட்டியே அரங்கனிடம் ஒப்புக்கொண்டு, நினைவு தெளிந்திருக்கும் இப்போதே விண்ணப்பத்தைச் செய்து வைத்துவிடுகிறார். எம்பெருமானுக்கே மங்களாசாஸனம் செய்தவர், தம் கடைசி நேர நினைவை நம்பவில்லை. அடியேனுக்கு இது மிகப் பெரிய ஆறுதல்.

இந்த விண்ணப்பத்துக்கு விடைபோல அமைந்தது வராஹ சரம ச்லோகம். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்ய சிகாமணி என்ற நூலையே இதற்கு வ்யாக்யானமாக அருளிச்செய்தார். பூமிப்பிராட்டிக்கு வராஹ நாயனார் சொல்வது இது: மனமும் உடலும் நன்றாக இருக்கும் காலத்தில் ஒருவன் என்னை நினைத்தானாகில், பின்னர் அவன் கட்டைபோலவும் கல்போலவும் கிடந்து உயிர்விடும் தறுவாயில் நான் அவனை நினைக்கிறேன், பரமகதிக்கும் நானே கொண்டு செல்கிறேன். கட்டை, கல் என்ற சொற்களைப் பலமுறை கேட்டிருந்தும், அவற்றின் பொருள் அம்மாவின் கட்டிலருகேதான் அடியேனுக்கு விளங்கிற்று. நினைப்பது நின்றுபோன நிலையை எம்பெருமான் குற்றமாகக் கருதவில்லை. அந்நிலை வரும் என்பதை அறிந்து, அங்கே நினைக்கும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறான். பக்தியோகத்தில் இழிந்தவனுக்கு அந்திம ஸ்ம்ருதி முயன்று பெற வேண்டிய ஒன்று. சரணாகதனுக்கு அந்தச் சுமை இல்லை.

இதனை ஸித்தாந்த ரீதியாகவும் பார்க்கலாம். கர்மத்தாலும் உடலாலும் சுருங்குவது தர்மபூதஜ்ஞானம். ஆத்மஸ்வரூபம் சுருங்குவதில்லை, எம்பெருமானுக்கு அடிமையாயிருக்கும் சேஷத்வமும் குறைவதில்லை. ஆழ்ந்து உறங்கும் பக்தனைப் பக்தன் அல்லன் என்று ஒருவரும் சொல்லமாட்டோம். மறதிநோயும் அப்படிப்பட்ட ஒரு சுருக்கமே. நீண்டது, காண்பவர்க்குக் கொடியது, அவ்வளவே. கைவிளக்கின்மேல் குடத்தைக் கவிழ்த்தாற்போல. முக்தியில் அந்த ஜ்ஞானம் தடையின்றி முழுதும் விரிகிறது என்று படித்திருக்கிறோம். எங்கள் பெயரைத் தேடித் தேடி அம்மா களைத்துப்போன மாலைகளை நினைக்கும்போது, அந்த ஒரு வாக்யம் வேறு கனத்தோடு கேட்கிறது.

அவ்வாறாயின் அழுவது எதற்கு? பரமபதித்தார் என்று எழுதி அனுப்பிவிட்டு அழுவது விச்வாஸக் குறைவாகாதா? கூரத்தாழ்வான் வைபவத்தில் இதற்குச் சமாதானம் உண்டு. பெரிய பெருமாளிடம் ஆழ்வான் மோக்ஷத்தைப் பெற்றுவிட்டார், அவருடைய ஸம்பந்தமுடையாருக்கும் அது உண்டு என்று கேட்டவுடன் எம்பெருமானார் காஷாயத்தை மேலே எறிந்து ஆனந்தித்தார். அவரே, தமக்கு முன்னே ஆழ்வான் புறப்பட்டதை எண்ணிக் கண்ணீரும் விட்டார். முன் சென்றவர் பின் வருபவரை எதிர்கொள்வது அந்நாட்டு முறை. ஆசார்யனுக்கு முன்னே சிஷ்யன் அங்கிருக்க வேண்டாமோ என்று ஆழ்வான் பதில் சொன்னாராம். ஒரே செய்திக்காக ஆனந்தக் கூத்தும் கண்ணீரும். ஆனந்தம் ஆழ்வானுடைய பேற்றுக்கு. கண்ணீர் தம்முடைய இழவுக்கு. இரண்டையும் ஒருவரே சேர்த்துப் படலாம் என்பதற்கு உடையவரைவிடப் பெரிய ப்ரமாணம் வேண்டுவதில்லை.

பேத்திக்கு இவையொன்றும் வேண்டியிருக்கவில்லை. "பாட்டிக்கு அங்கே நம்மை ஞாபகம் இருக்குமா?" என்று ஒன்றையே கேட்டாள். சாந்தோக்யத்தின் எட்டாம் ப்ரபாடகத்தில் ஒரு பகுதி உண்டு: முக்தன் தாய்மாருள்ள உலகை விரும்பினால், அவனுடைய ஸங்கல்பமாத்திரத்தாலேயே தாய்மார் எழுந்து வருகிறார்கள் என்று. இதனைப் பற்றிக்கொண்டு ப்ரஹ்மஸூத்ரத்தின் கடைசிப் பாதமும் முக்தனுடைய ஸங்கல்ப பலத்தை நிறுவுகிறது. அதே ப்ரபாடகம் முக்தன் இவ்வுடலை நினைப்பதில்லை என்றும் பின்னர் சொல்கிறது. அடியேன் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வது இவ்வாறு: அந்தக் கட்டிலும் அந்தத் தேடலும் அவர் நினைவில் இரா, உறவை விரும்பினாரானால் தடையுமிராது. குழந்தையிடம், "நினைக்க வேண்டுமென்று பாட்டி நினைத்தால் போதும், இனி எதையும் தேட வேண்டாம்" என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அங்கே குறையொன்றுமில்லாதவருக்கு இங்கே திதி எதற்கு என்பதும் கேட்கப்படுகிறது. எம்பெருமானுடைய ஆஜ்ஞையை நிறைவேற்றும் கைங்கர்யமாகச் செய்கிறோம் என்பதே பூர்வர்கள் காட்டிய வழி. அவருக்குப் பசிக்கிறது என்று அன்று. சித்ரகூடத்தில் தசரதன் மறைந்த செய்தி கேட்ட பெருமாள், இங்குதிப் பிண்ணாக்கை இலந்தைப் பழத்தோடு பிசைந்து தர்ப்பையின்மேல் வைத்தார். சக்ரவர்த்திக்கு அது ஏற்ற உணவாகாதுதான். தாம் உண்பது எதுவோ அதுவே என்று சொல்லித்தான் வைத்தார். அதைக் கண்டு கௌஸல்யை உருகினாள்.

அம்மாவுக்குச் சிறுமலை வாழைப்பழம் என்றால் தனிப் ப்ரியம். முடிக்கொத்து நோய் வந்து மலையில் அந்த வாழை அருகிவிட்டது. அசல் பழத்துக்குக் கடைகடையாக அலைய வேண்டியிருக்கிறது. வருஷாப்திகத்துக்கு முதல்நாள் அலைந்து ஒரு சீப்பு வாங்கி வந்தோம். தளிகையோடு அதையும் முதலில் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணினோம்.