உதவித்தொகையா, உழைப்பா?

1933-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழைப்பாளர் நால்வருள் ஏறத்தாழ ஒருவருக்கு வேலை இல்லை. தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன, வங்கிகள் நொடித்தன. அரசு என்ன செய்யவேண்டும் என்பது பொருளியல் கேள்வியாக மட்டும் நில்லாது, அறத்தின் கேள்வியாகவும் எழுந்தது.

பசித்தவனுக்குப் பணம் கொடுப்பது எளிது, செலவும் குறைவு. ஆயினும் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-இல் செலவு மிகுந்த வழியையே தேர்ந்தது. அது தொடங்கிய பொதுப்பணித் திட்டத்தில் 1943 வரை ஏறத்தாழ 85 இலட்சம் பேர் சாலைகள், பாலங்கள், பள்ளிகள் அமைத்துக் கூலி பெற்றனர். வேலையின்மை அதனால் முற்றும் ஒழியவில்லை. போர்க்காலமே அதை ஒழித்தது. ஆயினும் பிச்சையாக அன்றி, உழைப்பின் பயனாகப் பலர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆனால் நாம் ஒன்றை மறத்தலாகாது. உழைப்பே மாண்பு என்றால், உழைக்க இயலாதோர் என்னாவர்? அதே 1935-இல் நடுவண் அரசு நேரடி நிவாரணத்தை நிறுத்தி, அத்தகையோரைப் பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. பல இடங்களில் அவ்வுதவி போதவில்லை.

நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளரை நினைவுகூர்வோம். எவரும் அழைக்காததால் மாலைவரை நின்றோருக்கு அவர் முதலில் வேலை தந்தார். பின்பு, உழைத்த நேரத்தை அளவாகக் கொள்ளாது, முழுநாள் கூலியும் தந்தார். உழைக்கும் வாய்ப்பும் உண்ணும் உரிமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் காப்பதே நீதி.

வேலையற்றவரைச் சோம்பேறி எனத் தீர்ப்பிடுமுன், அவரை அழைத்தவர் எவரேனும் உண்டா என நம்மையே கேட்போமாக.