விசுவாசம் குறைந்தவர்கள்

2021 ஆகஸ்ட் மாதம், ஒரு புதன்கிழமை இரவு, எங்கள் சபையைச் சேர்ந்த ஆன்ட்டி ஒருவர் என்னை அழைத்தார். அம்மாவை அடக்கம் செய்து நான்கு நாள்கள்தான் ஆகியிருந்தன. ஆன்ட்டி சிறுவயதில் எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர். அம்மா டயாலிசிஸ் போய்வந்துகொண்டிருந்த ஆறு ஆண்டுகளில், மாதம் ஒரு முறையாவது சோறும் குழம்பும் சமைத்து எடுத்துவந்தவர். கெட்ட மனம் கொண்டவர் இல்லை. முதலில் அழுதார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நாமெல்லாம் எவ்வளவோ ஜெபிச்சோம் தம்பி. விசுவாசத்துல எங்கயோ ஒரு குறை இருந்திருக்கு. நாம நம்மள ஆராய்ஞ்சு பாக்கணும்."

"சரி ஆன்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக நான் சபைக்குப் போகவில்லை.

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. கையில் ஊசி ஏறும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். கோவிட் வந்தபோது அவர் உடம்பில் எதிர்த்து நிற்க எதுவும் மிச்சமில்லை. ஆம்புலன்ஸ் கதவு மூடியதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அந்த மாதங்களில் இதே கதை நடந்தது. பசித்தவர்கள் ஜன்னலில் வெள்ளைக்கொடி கட்டிய மாதங்கள் அவை. ஆகவே இது என் தனிக் கதை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால், அந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கென்றே எழுதப்பட்டதுபோல உள்ளே தங்கிவிட்டது.

அப்பா சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. முதலில் கைப்பேசித் திரையில், பிறகு கதவுகள் திறந்ததும் நேரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போடும் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதர் எப்படிப் போகிறார்? இது உறுதியா, பழக்கமா, இல்லை ஏமாற்றா? இந்தக் கேள்வியோடுதான் நான் சுங்கை பூலோவின் பழைய தொழுநோய்க் குடியிருப்பைத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து அது பத்து நிமிடத் தூரம். அம்மா போன பிறகு அப்பாவுக்குச் செடி வளர்க்கும் ஆசை வந்தது. சனிக்கிழமைகளில் நான்தான் காடி ஓட்டிக்கொண்டு அவரை அங்கே செடி வாங்க அழைத்துப்போவேன். சுங்கை பூலோ என்றால் இன்று பலருக்குச் செடி விற்கும் கடைகளும், 2020இல் கோவிட் நோயாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெரிய மருத்துவமனையும்தான் நினைவுக்கு வரும். அந்தச் செடிக்கடைகளின் வேர் எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1926இல் இயற்றப்பட்ட சட்டம், தொழுநோய் வந்தவர்களைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தச் சொன்னது. 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. டிராவர்ஸ் என்ற மருத்துவர், நோயாளிகளைச் சிறைபோன்ற கொட்டகைகளில் அடைக்காமல் வீடும் தோட்டமும் உள்ள ஊராக அமைக்க வேண்டும் என்று வாதிட்டார். அப்படியே ஓர் ஊர் எழுந்தது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் இருந்தன. வெளியே செல்லாத தனிப் பண நோட்டுகளும் இருந்தன. ஒரு கட்டத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் பிறக்கும் குழந்தையைத் தங்களோடு வைத்துக்கொள்ள முடியாது. குழந்தைகள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அந்த இடத்துக்கு மலாயில் 'லெம்பா ஹராப்பான்' என்று பெயர். தமிழில் சொன்னால் நம்பிக்கைப் பள்ளத்தாக்கு.

இந்தச் சொல்லில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பேச்சில் 'நம்பிக்கை' என்பது இரண்டு வேலை செய்கிறது. நாளை நல்லது நடக்கும் என்பதும் நம்பிக்கை, கடவுள் இருக்கிறார் என்பதும் நம்பிக்கை. தமிழ் விவிலியம் இரண்டையும் பிரித்து, பின்னதற்கு 'விசுவாசம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டது. வீட்டில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வளர்ந்தோம். ஆனால் நோய் வந்ததும் இரண்டும் மறுபடி கலந்துவிடுகின்றன. 'எனக்கு விசுவாசம் இருக்கிறது' என்று சொல்லும்போது, 'எனக்குக் குணமாகும்' என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆன்ட்டி சொன்னதும் அந்தக் கணக்குதான். ஜெபம் சரியாக இருந்தால் விடை சரியாக வரும். விடை தப்பு என்றால் ஜெபத்தில் பிழை.

இந்தக் கணக்கை நம்பிக்கைப் பள்ளத்தாக்கில் வைத்துப் பாருங்கள். 1930களில் அங்கே இருந்தவர்களுக்கு மருந்து என்று இருந்தது சால்மூக்ரா எண்ணெய். ஊசி போட்டால் தாங்க முடியாத வலி; பலன் சொற்பம். 1940களில் சல்ஃபோன் வகை மருந்துகள் வந்தன, டாப்சோன் வந்தது. அதன் பிறகுதான் இந்த நோயை உண்மையில் குணப்படுத்த முடிந்தது. அப்படியானால் 1935இல் அந்தத் தேவாலயத்தில் முழங்கால்படியிட்டவரின் விசுவாசம் குறைவு, 1955இல் முழங்கால்படியிட்டவரின் விசுவாசம் அதிகமா? இருவரும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார்கள். நடுவில் வந்தது ஒரு மாத்திரை. அந்த மாத்திரைக்கும் கிருமி பழகிப்போனது. டாப்சோனுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி உண்டு என்பதை 1964இல் நிறுவிய ஆய்வே சுங்கை பூலோ நோயாளிகளிடம் நடந்ததுதான். பிறகு 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குணமானதை வைத்து விசுவாசத்தை அளந்தால், நாம் அளப்பது விசுவாசத்தை அல்ல, பிறந்த வருடத்தை.

2020 மார்ச் 17ஆம் தேதி, நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குவதற்கு முந்தைய நாள், மலேசியாவின் முதல் இரண்டு கோவிட் மரணங்கள் அறிவிக்கப்பட்டன. ஒருவர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் கூட்டத்துக்குப் போய்வந்தவர். மற்றவர் கூச்சிங்கில் இருந்த ஒரு சபைப் போதகர். அன்று ஒருவரைப் பற்றி ஒருவிதமாகவும் மற்றவரைப் பற்றி வேறுவிதமாகவும் பேசியவர்களை நான் அறிவேன். நானும் பேசியிருக்கிறேன். பிறர் கூட்டத்தில் நோய் வந்தால் அறிவீனம், நம் கூட்டத்தில் வந்தால் சோதனை. அம்மா போன பிறகுதான் இந்த வழக்கத்தின் அசிங்கம் எனக்கு உறைத்தது.

இதில் வேடிக்கை, கிறிஸ்தவ நூலே இந்தக் கணக்கை ஏற்கவில்லை என்பதுதான். யோபுவின் நண்பர்கள் அவனுடைய புண்களுக்கு நேர்த்தியான காரணங்கள் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது கத்திக் குமுறிய யோபுவிடம் அல்ல, காரணம் சொன்ன நண்பர்களிடம். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று இயேசுவே சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கெத்செமனே தோட்டத்தில் அவர் தன் முன்னால் இருக்கும் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார். அது நீங்கவில்லை. ஆன்ட்டியின் கணக்குப்படி பார்த்தால் அங்கேயும் எங்கேயோ ஒரு குறை இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் கேட்டது கிடைக்காத விசுவாசத்தால் என்ன பயன்? வலியை மறக்கச் செய்யும் மருந்து மட்டும்தானா அது? என் நண்பர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்பாவைப் பார்த்து அப்படித்தான் நினைத்தேன். மரத்துப்போய்விட்டார், அதனால்தான் போகிறார்.

இதை யோசிக்க எனக்கு உதவியவர் வேலூரில் வேலை செய்த ஒரு மருத்துவர். பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் விழுந்துவிடும் என்று அன்று நம்பினார்கள். அது அப்படியல்ல என்று காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது. சுடும் பாத்திரத்தைக் கை விடுவதில்லை, முள் குத்திய காலைக் கண் பார்ப்பதில்லை. தூங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். விரல்களைத் தின்றது நோய் நேரடியாக அல்ல, வலி இல்லாமை. வலி என்பது உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வழி என்று பிராண்ட் வாழ்நாள் முழுக்கப் பேசினார்.

இதை 'கஷ்டம் நல்லது' என்று வாசிக்கக் கூடாது. அம்மா பட்டதில் நல்லது எதுவும் இல்லை. நான் எடுத்துக்கொள்வது வேறு. வலி தெரியாத விசுவாசம் ஒன்று இருக்கிறது. அதற்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் தெரியும். அது ஆறுதலாகத் தெரியும். ஆனால் சுடும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும், பக்கத்தில் இருப்பவரின் கை வேகுவதும் அதற்குத் தெரியாது. வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த விசுவாசம் இன்னொன்று. அதற்கு விளக்கம் குறைவு. எது உயிருள்ளது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா எந்த வகை? ஒருநாள் இரவு அவர் ஜெபம் பண்ணும்போது நான் கூடத்தில் இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லய்யா. கோவமா வருது. அதையும் அவர்கிட்டதான சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். இவரை மரத்துப்போனவர் என்று நான் ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே நாள்களில் செடிக்கடைப் பக்கம் ஒரு முதியவரைச் சந்தித்தோம். விரல்கள் மடங்கியிருந்தன. அப்பாவிடம் விலை பேசாமல் பேச்சுக் கொடுத்தார். நடமாட்டக் கட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தபோது சிரித்தார். "உங்களுக்கெல்லாம் அது புதுசு" என்றார். தேவாலயத்துக்குப் போவாராம். குணமாக வேண்டும் என்று ஜெபித்தீர்களா என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. "ஜெபிச்சேன். மருந்துல குணமாயிட்டேன். வீட்டுலேர்ந்துதான் யாரும் வரல" என்று சொல்லி, ஒரு மல்லிகைக் கன்றை அப்பாவின் பையில் வைத்தார். அந்தக் கன்றுக்குக் காசு வாங்கவில்லை.

அவருக்குக் கிடைக்காதது குணம் அல்ல, ஆள். கிருமியைக் கண்டுபிடித்தவர் நார்வேயின் ஹேன்சன், 1873இல். அதே 1873இல்தான் தாமியன் என்ற பெல்ஜியப் பாதிரியார் ஹவாயின் மோலோகாய் தீவில் இருந்த தொழுநோயாளிகளிடம் போய்ச் சேர்ந்தார். ஒருவரால் பின்னாளில் மருந்துக்கு வழி பிறந்தது. மற்றவர் யாரையும் குணமாக்கவில்லை; அவருக்கே நோய் வந்து 1889இல் இறந்தார். ஆனால், பிரசங்கத்தில் நோயாளிகளைத் தன்னோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவலிலும் பாதிரியார் பனலூ முதல் பிரசங்கத்தில் மக்களை விலக்கி வைத்துப் பேசுகிறார். ஒரு குழந்தை துடித்துச் சாவதைப் பார்த்த பிறகு, இரண்டாவது பிரசங்கத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த வேறுபாட்டைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஒரே சொல்தான். தமிழில் நமக்கு இரண்டு இருக்கின்றன. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் அவரும் உள்ளே. விசுவாசத்தைப் பற்றிய என் கேள்வி மெல்ல இதுவாக மாறிவிட்டது. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நோயின் முன்னால் ஒரு சபை 'நாங்கள்' என்று பேசுகிறதா, 'நாம்' என்று பேசுகிறதா என்பதை என்னால் பார்க்க முடியும்.

இங்கே வந்து நிற்கும்போதுதான் அந்தத் தொலைபேசிப் பேச்சு மறுபடி ஞாபகம் வந்தது. ஆன்ட்டி என்ன சொன்னார்? "நாம நம்மள ஆராய்ஞ்சு பாக்கணும்." அந்த 'நாம'வை நான் 'நீங்க' என்று கேட்டிருந்தேன். அம்மாவுக்காக அவர் மூன்று நாள் உபவாசம் இருந்தார் என்று பிறகு அப்பா சொன்னார். தன் உபவாசம் போதவில்லை என்று அவர் தன்னைத்தான் அடித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. அவர் சொன்னது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தக் கணக்கு யாரையும் விட்டுவைப்பதில்லை, சொல்பவரையும் சேர்த்து. ஆனால், அதைத் தவறென்று அவரிடம் சொல்ல, நான் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு அப்பாவோடு போகிறேன். எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டால், சில வாரம் இருக்கிறது, சில வாரம் இல்லை. கடைசி வரிசையில் ஆன்ட்டிக்குப் பக்கத்து நாற்காலி. அவருக்கும் இப்போது கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஆராதனை முடிந்ததும் ரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டி, "அம்மாவுக்கு மொதல்ல எவ்வளவு இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது, சொன்னேன். அவர் தாளை மடித்து விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமை மருத்துவரிடம் நான்தான் காடியில் அழைத்துப் போகிறேன்.