நூற்றில் எத்தனை பேர்?

மூட்டுகள் வீங்கி, ஒளுச் செய்வதற்குக் கூடக் கைவிரல்களை மடக்க இயலாமல் தவிக்கும் நோயாளி மருத்துவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த மருந்து எனக்குக் கேட்குமா?" இன்று இதற்கு விடை தேட, இரத்தத்திலுள்ள மரபணுவைப் படித்துப் புள்ளிவிவரக் கணக்குப் போடுகிறார்கள். இது மறைவான ஞானத்தில் கை வைப்பதாகாதா என்று நம்மில் சிலர் ஐயுறக்கூடும். ஆகாது. மேகத்தைப் பார்த்து 'மழை வரலாம்' என்பவன் குறி சொல்பவன் அல்லன். 'வரலாம்' என்பதை 'வந்தே தீரும்' என்று சாதிப்பவனே தவறு செய்கிறான்.

இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோய்க்கு அலோபியூரினால் என்ற மருந்து தரப்படுகிறது. அபூர்வமாகச் சிலருக்கு அது தோலை உரித்து உயிரையே பறித்துவிடும். 2005இல் தைவானில், அப்படிப் பாதிக்கப்பட்ட 51 பேரையும் சோதித்தபோது, அனைவரிடமும் 'எச்.எல்.ஏ.பி 58:01' என்ற மரபணுக் கூறு இருந்தது. ஆனால் மருந்து ஒத்துக்கொண்ட 135 பேரிலும் 20 பேரிடம் அதே கூறு இருந்தது! பின்னர் 2,910 பேரைச் சோதித்து, அக்கூறு இருந்த 571 பேரை அம்மருந்தைத் தவிர்க்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் 7 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2015இல் வெளியான முடிவின்படி ஒருவரும் பாதிக்கப்படவில்லை.

அடுத்தது முடக்குவாதம். இதற்குத் தரப்படும் 'டி.என்.எஃப்' தடுப்பு மருந்துகள் விலை மிகுந்தவை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பலிப்பதுமில்லை. யாருக்குப் பலிக்கும் என்று மரபணுவால் முன்கூட்டி அறிய, 73 ஆய்வுக் குழுக்கள் 2,706 நோயாளிகளின் விவரங்களை வைத்துப் போட்டியிட்டன. வயது, நோயின் கடுமை போன்ற சாதாரண விவரங்கள் சொல்வதற்கு மேல் மரபணு குறிப்பிடத்தக்க எதையும் சேர்க்கவில்லை என்று 2016இல் ஒளிவு மறைவின்றி அறிவித்தார்கள்.

இப்போது நம் கேள்வி: எழுவருக்காக 571 பேரைத் தடுத்தது நியாயமா? நியாயமே. கணக்குத் தவறினால் அவர்கள் இழப்பது ஒரு மருந்தை மட்டுமே. கணக்கை அலட்சியம் செய்தாலோ இழப்பது உயிர். ஆனால் முடக்குவாத நோயாளியிடம், உறுதிப்படாத கணக்கைக் காட்டி, "உமக்குப் பலிக்காது, செலவு வீண்" என்று மருந்தை மறுத்தால்? கணக்குத் தவறும் இடத்தில் அவருடைய மூட்டு மீளாதபடி சிதைந்துவிடும். நூற்றில் எழுபது என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. எதிரே அமர்ந்திருப்பவரோ ஒருவர். அவருக்கு மருந்து கேட்கும், அல்லது கேட்காது. எழுபது பங்கு கேட்பதில்லை.

ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. அது பொய்த்தால் யாருக்கு, எவ்வளவு கேடு என்பதையும் நிறுக்க வேண்டும். அறிந்ததை அறிந்த அளவுக்கே சொல்வது மருத்துவரிடம் உள்ள அமானத்.

நமக்கும் இதில் கடமை உண்டு. நூற்றில் எழுபது என்று கேட்டு இறுமாந்துவிடவும் வேண்டாம். முப்பது என்று கேட்டு நம்பிக்கை இழந்து மருந்தைக் கைவிடவும் வேண்டாம். முயற்சி நம்முடையது, ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்.