செவியின் சாட்சியம்

நாமக்கல் வீட்டு மாடியறையில் மூன்று ஞாயிறுகள் செலவிட்டு, எண்களாகப் பதிந்த இசையை ஒலிக்கவைக்கும் சுற்று ஒன்றைச் செய்தேன். ரிச்சி தெருவில் தேடிப் பிடித்த டிடிஏ 1543, எட்டுக் கால் பிலிப்ஸ் சில்லு. உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது. எண்ணை அது மின்னோட்டமாக்கும். ஒரு மின்தடை அதை மின்னழுத்தமாக்கிப் பெருக்கிக்கு அனுப்பும்.

எண் இசைமீது எனக்கொரு தத்துவக் கோபம் உண்டு. வினாடிக்கு 44,100 துண்டுகள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒன்றில். இரண்டு துண்டுகளுக்கு நடுவே தோடியின் காந்தாரம் அசைவது என்னவாகிறது என்று கேட்டுவந்தேன். கேள்வியே பிழை. ஓர் அலையை அதன் உச்ச அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேல் அளந்துவிட்டால் நடுவிலுள்ளதை முழுதும் மீட்கலாம் என்று ஷானன் 1949இல் நிறுவிவிட்டார். காந்தாரமோ வினாடிக்குச் சில தடவைதான் அசைகிறது.

சுற்று பாடியது. பழைய சிடி பிளேயரில் இல்லாத நாயனத்தின் மூச்சு இதில் கேட்கிறதென்று நண்பருக்குக் கடிதமே எழுதினேன். பிறகு ஏனோ ஒரு சந்தேகம். இரண்டின் ஒலியளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கி, எதுவென்று சொல்லாமல் மாற்றும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். இருபது தடவையில் பதினொன்று சரி. காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும்.

நான் பொய் சொல்லவில்லை, மூச்சைக் கேட்டேன். அதுதான் தொந்தரவு. இதே காதை வைத்துத்தான் கவிதைகளில் செறிவு, தரிசனம் என்றெல்லாம் தீர்ப்பளித்து வருகிறேன், கவிஞர் யாரென்று தெரிந்தே. வங்கியில் மாதிரிக் கையெழுத்தை ஒப்பிடாமல் ஒரு செக்கைப் பாஸ் செய்ததில்லை.

நண்பருக்கு இன்னும் மறுகடிதம் எழுதவில்லை.