பின்னோக்கிச் சொல்லும் புத்திமதி

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவன், பத்தாம் வகுப்பில் இருந்த தன்னையே முன்னால் நிறுத்தி நாலு வார்த்தை புத்தி சொல்ல முடியுமானால் என்ன சொல்லுவான்? கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும் கேள்விதான். விடுமுறைக்கு வீடு வரும் அண்ணனிடம் தம்பிமார் கேட்பதும் ஏறத்தாழ இதையே. ஆயினும் சற்று நின்று யோசித்தால், இதற்குள் பெரியதொரு நியாயப் பிரச்சினை அடங்கிக் கிடப்பதைக் காணலாம். புத்திமதி என்பது எப்போதும் "நீ வேறு விதமாக நடந்திருக்கலாம்" என்ற தீர்ப்பைத் தன்னுள் கொண்டது. அப்படி நடக்க அந்தப் பிள்ளைக்கு மெய்யாகவே வழி இருந்ததா? நடந்திருந்தால் அதற்கான விலையைக் கொடுத்திருக்கக் கூடியவர் யார்?

தூர தேசத்துக்குப் போகாமல் நமது நானுஓயாவில் வைத்தே இதைப் பேசுவோம். புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. மலைநாட்டு விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்றே போடப்பட்ட பாதை அது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று அதே பாதையால் படிக்கப் போகும் என்று அன்றைய துரைமாரில் எவரும் எண்ணியிருக்கமாட்டார். ஆனால் தலவாக்கலை, கொட்டகலை, அட்டன் எல்லாம் தாண்டிப் பேராதனையில் இறங்கி, பட்டத்தோடு திரும்பி வந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. தொகை இன்னும் சிறிதுதான்.

அத்தகைய பிள்ளைகள் பொதுவாகச் சொல்லும் புத்திமதிகள் நாம் அறியாதவை அல்ல. ஆங்கிலப் பாடத்தைச் சித்தியடைந்தாற் போதும் என்று தள்ளிவிடாதே. முதலாம் ஆண்டு விரிவுரையில் உட்கார்ந்ததும் அதன் விலை தெரியும். விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டாதே. டியூஷன் கொப்பியை மனனம் செய்வது படிப்பாகாது. லயத்து முகவரியைச் சொல்ல வெட்கப்பட்டு, "நுவரெலியா பக்கம்" என்று மழுப்பாதே. இவையெல்லாம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கே உரிய புத்திமதி ஒன்று உண்டு. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார் என்பதே அது. அப்பாவின் பெயர் ஒன்று, அதில் எழுதியிருப்பது இன்னொன்று. பாடசாலை இடாப்பிலே மூன்றாவது ஒன்று. சாதாரண தரப் பரீட்சைக்குமுன் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் போதுதான் பல வீடுகளில் இந்தக் குளறுபடி வெளிச்சத்துக்கு வருகிறது. பிறகு கச்சேரிக்கும் கிராம சேவகரிடமும் அலைச்சல். அப்பாவுக்கு அன்றைய பேர் நட்டம். படிக்க வேண்டிய மாதங்கள் வரிசையில் நிற்பதிலேயே கழிந்துவிடும்.

கடைசியாகப் பலரும் பெருமூச்சோடு சொல்வது: "உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுத்திருக்கலாம்." இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்கவேண்டும். எங்கே எடுத்திருப்பாய் மகனே?

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் போட்டது. துரைக்குத் தேவைப்பட்டது கொழுந்து பறிக்கும் கையேயன்றி எழுதும் கையன்று. ஆகவே பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு, அவ்வளவே. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிகள் அந்தப் பந்திக்குப் புறம்பாகவே இருந்தன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எந்த அரசியல்வாதி கவலைப்படுவான்? தோட்டங்கள் 1970களில் தேசியமயமான பின்னரே பள்ளிகளும் அரசின் கைக்கு வந்தன. பேராதனையில் பல்கலைக்கழகம் 1952இலேயே வந்துவிட்டது என்பதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தலைமுறையல்ல, இரண்டு தலைமுறை பிந்திப் புறப்பட்டவர்கள் நாம். நிலைமை மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் ஒழுங்காக நடக்கும் பாடசாலையைத் தேடித் தோட்டத்துப் பிள்ளை அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போகவேண்டியிருந்தது இன்றும் பழங்கதையாகிவிடவில்லை. பாடசாலையில் ஆசிரியர் இருந்த பாடத்தை அந்தப் பிள்ளை எடுத்தது. அதைத் தெரிவு என்று சொல்வது நியாயமா? இல்லாத கதவைத் தட்டவில்லையே என்று அதனைக் கடிந்துகொள்வது எந்த நீதி?

இந்த விடயத்தில் புனித அகுஸ்தீனார் நமக்கு நல்லதோர் உதாரணம். 397ஆம் ஆண்டளவில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், தம் பிள்ளைப் பருவத்தை இறைவன் முன்னிலையில் வைத்து அவர் எழுதத் தொடங்கினார். சிறுவனாக இருந்தபோது கிரேக்க மொழியை வெறுத்தாராம். அந்தக் குறை கடைசிவரை அவரை விடவில்லை. அத்தனை பெரிய அறிஞருக்குக் கிரேக்கம் கைவரவே இல்லை. "சோம்பேறிப் பயலே, படித்திருக்கலாமே!" என்று மட்டும் எழுதி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஏன் வெறுத்தேன் என்று ஆராய்கிறார். இலத்தீனைத் தாதிமாரின் கொஞ்சுமொழியிலும் விளையாட்டிலும் கற்றேன். கிரேக்கத்தை அடியிலும் மிரட்டலிலும் அல்லவா கற்பித்தார்கள் என்கிறார். தம் பிழையை மறைக்கவுமில்லை, அடித்தவர்களின் பிழையைத் தம் தலையில் போட்டுக்கொள்ளவுமில்லை. பின்னோக்கிப் பார்ப்பதில் இதுவே நேர்மை என்று எனக்குப் படுகிறது. எல்லாம் என் குற்றம் என்பது பணிவு போலத் தோன்றினாலும் அது பொய். எல்லாம் சமூகத்தின் குற்றம் என்பதும் பாதிப் பொய்யே. தலையாட்டாமல் ஆசிரியரைக் கேட்டிருக்கலாம். அது பிள்ளையின் கையில் இருந்தது. ஆசிரியரே இல்லாத பாடத்தைக் கேட்டிருக்க முடியாது.

இனி விலைக்கு வருவோம். மாணவர் தமக்குத் தாமே கூறும் புத்திமதிகளில் மிகச் சாதாரணமானது, "வேறொன்றையும் யோசியாதே, படிப்பை மட்டும் பார்" என்பது. மேடைகளிலும் இதையே முழங்குகிறோம். ஆனால் ஒரு லயத்துக் காம்பராவில் ஒருவர் படிப்பை மட்டும் பார்ப்பதென்றால், மற்ற எல்லாவற்றையும் இன்னொருவர் பார்க்கிறார் என்பதுதானே பொருள்? தண்ணீர், விறகு, கைக்குழந்தை, நோயாளிப் பாட்டி என்று யாரோ பார்க்கத்தான் வேண்டும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வந்தபோது அதை வெற்றியாகக் கொண்டாடினோம். பின்னர் உயர்ந்தும் இருக்கிறது. ஆனால் நிறுவை குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு பிள்ளைக்கு டியூஷன், பஸ் காசு, சில வேளை பட்டணத்தில் தங்குமிடம். இரண்டாவது பிள்ளைக்கு எங்கே போவது?

பல வீடுகளில் அந்த இரண்டாவது பிள்ளை அக்காதான். எட்டாம் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றாள் என்று வீட்டில் பேச்சே எழுந்திராது. அம்மா கொழுந்துக்குப் போகச் சின்னதைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒரு தவணை போகவில்லை, அடுத்த தவணை கூப்பிடவும் ஆளில்லை. பிறகு மலைக்குப் போனாள். அல்லது ஆடைத் தொழிற்சாலைக்கு, அல்லது கொழும்பிலும் வெளிநாட்டிலும் யாரோ ஒருவர் வீட்டுக்கு. தம்பியின் முதல் கைக்கடிகாரம் அவள் அனுப்பிய பணத்தில் வந்தது. சில வீடுகளில் இது தலைகீழ். அண்ணன் கொழும்புக் கடையில் நிற்க, தங்கச்சி படித்தாள். நாடளாவிய ரீதியில் பல்கலைக்கழகம் புகுவோரில் பெண்பிள்ளைகளே அதிகம் என்றாகிவிட்ட இந்நாளில் அதுவும் காணக்கூடியதே.

ஆகவே, "படிப்பை மட்டும் பார்" என்று பின்னோக்கிச் சொல்லும் மாணவன், தன்னை அறியாமலே அக்காவிடம், "நீ நின்றது சரிதான், இன்னும் கொஞ்சம் கூடச் சுமந்திருக்கலாம்" என்று சொல்லிவிடுகிறான். அவளுக்கும் பத்தாம் வகுப்பு வயது ஒன்று இருந்தது. அவள் தன் பழைய தன்னிடம் என்ன சொல்ல விரும்புவாள்? இந்தக் கேள்வியை மாணவரிடம் கேட்கிறோம். நின்றவளிடம் எவரும் கேட்பதில்லை.

இதற்கு மறுப்புச் சொல்வாருண்டு. அன்புக்குக் கணக்குப் பார்க்கலாகாது. அவள் மனமுவந்து கொடுத்தாள். குடும்பம் என்றால் அப்படித்தான் என்பர். அதில் உண்மையில்லாமலில்லை. தியாகம் நமது விசுவாச வாழ்வின் உயிர். ஆயினும் ஒன்று: காணிக்கை கொடுப்பவர் தாமாகக் கொடுத்தால்தான் காணிக்கை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் எவரும் கேளாமலே எடுத்துக்கொண்டதைத் தியாகம் என்று பெயர் சூட்டிப் பூசையில் வைப்பது, எடுத்தவர்களுக்கு மட்டுமே ஆறுதல். பெற்றோரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து வாயும் ஒரு கூலியும் உள்ள வீட்டில் அவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் எத்தனை? ஆனால் சட்டம் இன்று அவ்வழிகளில் ஒன்றை அடைத்துவிட்டது. 1998 முதல் பதினான்கு வயதுவரை கட்டாயமாயிருந்த கல்வி, 2016இலிருந்து பதினாறு வயதுவரை கட்டாயம். "வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை" என்பது இனிமேல் காரணமாகாது. சட்டம் எழுதியவர்கள் பிள்ளைக்காம்பராவை நன்றாக நடத்தவும் ஏற்பாடு செய்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்; அது வேறு கதை.

அப்படியானால் மாணவன் குற்ற உணர்வோடு படிப்பைக் கைவிட வேண்டுமா? அதனால் அக்காவுக்கு ஒரு நாளும் திரும்பி வரப்போவதில்லை. அழுது புலம்புவதும் தன்னைப் பற்றியே பேசிக்கொள்ளும் இன்னொரு வகைதான். பழைய தன்னிடம் அவன் சொல்லக்கூடியது வேறு: "நீ ஒருவனாகப் படிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டு படி. விளங்கிய பாடத்தை இரவில் அவளுக்கும் சொல்லிக் கொடு."

மீண்டும் அகுஸ்தீனாரிடம் வருகிறேன். அவரது தந்தை பெருஞ்செல்வர் அல்லர். மகனைக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பப் பணம் சேரும்வரை, பதினாறாம் வயதில் ஓராண்டு மகன் வீட்டிலே சும்மா இருந்தார். சக்திக்கு மீறிச் செலவு செய்த தந்தையை ஊரெல்லாம் புகழ்ந்ததாம். நமது தோட்டங்களிலும் ஊர் அப்படித்தானே புகழ்கிறது? தந்தை இறந்தபின் தாய் மோனிக்கம்மாளின் பணத்தில் படித்தார். அவருக்கு நாவீஜியுஸ் என்ற சகோதரரும் ஒரு சகோதரியும் இருந்தனர். சகோதரி கைம்பெண்ணான பின் கன்னியர் இல்லமொன்றின் தலைவியாக விளங்கியவர். அவரது பெயரைக்கூட அகுஸ்தீனார் நமக்கு எழுதி வைக்கவில்லை.

ஆனால் 386ஆம் ஆண்டு, தமது பிறந்தநாளன்று, மிலான் நகருக்கு அப்பால் ஒரு நாட்டுப்புற வீட்டில், இன்ப வாழ்வு எது என்று மூன்று நாள் உரையாடல் ஒன்றை அவர் நடத்தினார். பேராசிரியரின் மாணவர்கள் மட்டும் அங்கு உட்காரவில்லை. தாயார் இருந்தார், சகோதரர் இருந்தார். இலக்கண ஆசிரியரிடம்கூடப் போயிராத உறவினர் இருவரும் இருந்தனர். அவர்களும் இருக்க வேண்டுமென்றே அழைத்ததாக எழுதுகிறார். எல்லாரிடமும் கேள்வி கேட்டார். ஏட்டுப் படிப்பில்லாத தாயார் சொன்ன பதில் மெய்யறிவின் உச்சியையே எட்டிவிட்டதென்று வியந்தார்.

விடுமுறைக்கு வரும் நமது மாணவர்கள் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ என்ன படிக்க ஆசைப்பட்டாய்?" என்று கேட்கலாம். சிரித்து மழுப்புவாள். இரண்டாம் முறையும் கேட்கவேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக வயது வந்தவரும் தோற்றலாம் என்பதும், 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முறையான தகைமை இல்லாதவர்களையும் அடிப்படைக் கற்கைநெறிகளில் சேர்ப்பதுண்டு என்பதும் அவளுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் சம்மதித்தால், அவளது பிறப்புச் சான்றிதழில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும்.