கரியும் நஞ்சும்: தீமை ஒரு பொருளா?

தீமை என்பது தனித்து நிற்கும் ஒரு பொருளா, அல்லது பொருள்களுக்கு இடையே நேரும் பொருத்தமின்மையா? சமய மெய்யியலில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர்கள் மானிகேயர்கள். கி.பி. 216இல் மெசபடோமியாவில் பிறந்த மானி, ஒளி, இருள் என்னும் இரு ஆதிப்பொருள்கள் உலகில் கலந்து கிடக்கின்றன என்றும், இருளிலிருந்து ஒளியைப் பிரித்தெடுப்பதே மீட்பு என்றும் போதித்தார். இளமையில் ஒன்பது ஆண்டுகள் அச்சமயத்தைச் சார்ந்திருந்த அகஸ்டின், கிறிஸ்தவரான பின் அதை மறுத்து எழுதினார். மானிகேயர்களின் ஒழுக்கம் பற்றிய நூலில் அவர் நஞ்சையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். தேளின் நஞ்சு தன்னளவிலேயே தீமையானால் அது முதலில் தேளைக் கொன்றிருக்க வேண்டும். தேளுக்கோ அந்த நஞ்சை இழப்பதுதான் கேடு. ஆகவே தீமை ஒரு பொருள் அன்று, ஓர் இயல்போடு மற்றொன்று பொருந்தாத நிலையே என்பது அவர் முடிவு.

இரத்தத்தைக் கிளர்வுற்ற கரியின் வழியே செலுத்தி நஞ்சை நீக்கும் மருத்துவமுறை இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமானது. மேலோட்டமாகப் பார்த்தால் அது மானியின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறது, கரி அதைப் பிரித்தெடுக்கிறது, நோயாளி மீள்கிறார். கரியின் பரப்பில் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்தால் முடிவு வேறாகிறது.

தேங்காய்ச் சிரட்டை, மரம், செயற்கைப் பிசின் போன்றவற்றைக் கரியாக்கி, ஏறத்தாழ 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோ கார்பன் டை ஆக்சைடோ செலுத்தும்போது அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இப்படிக் கிடைக்கும் கரியின் 1 கிராமில் 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். கரைசலில் உள்ள மூலக்கூறுகள் இப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வதே பரப்புக் கவர்தல். ஏதென்ஸ் மருத்துவர் யாட்சிடிஸ் 1964இல் இரத்தத்தை நேரடியாகக் கரியின் ஊடே செலுத்தும் கருவியை அறிமுகப்படுத்தினார். இரத்தக் கழிவுகளான கிரியாட்டினினும் யூரிக் அமிலமும் குறைந்தன. அளவுமீறி உட்கொண்ட தூக்கமருந்துகளும் நீங்கின. ஆனால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்தன. கரித்துகள்களும் உதிர்ந்து இரத்தத்தில் சேர்ந்தன. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாங் கரிமணிகளுக்கு மெல்லிய படலம் பூசி இக்கேடுகளைக் குறைத்தார்.

தட்டணுக்கள் ஏன் கரியிடம் அழிகின்றன என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி மின்வேதியியலில் இருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே கரைசலில் மூழ்கிய கரி ஒரு மின்முனையாகவே நடந்துகொள்கிறது. சோவியத் மின்வேதியியலாளர் அலெக்சாண்டர் ஃப்ரும்கினும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து காட்டினர். காற்றுப்பட்ட கரியில் தங்கும் ஆக்சிஜன் அதனிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்கிறது. கரி நேர்மின் தன்மை அடைந்து, எதிர்மின் அயனிகளைத் தன்னருகே ஈர்க்கிறது. பிளாட்டினம் சிறிதளவு சேர்த்து ஹைட்ரஜன் சூழலில் வைத்தால் அதே கரி எதிர்மின் தன்மை பெற்று நேர்மின் அயனிகளை ஈர்க்கிறது. பரப்பின் மின்னேற்றமும் அதை எதிர்கொண்டு நிற்கும் அயனிகளும் சேர்ந்து மின் இரட்டை அடுக்கை அமைக்கின்றன. மின்னேற்றமற்ற கரிமச் சேர்மங்களோ, பரப்பின் மின்னேற்றம் சுழியத்தை ஒட்டியிருக்கும்போதே பெரும்பாலும் நன்றாக ஒட்டுகின்றன.

சிவப்பணுக்களின் பரப்பும் தட்டணுக்களின் பரப்பும் எதிர்மின் தன்மை கொண்டவை. நேர்மின் ஏற்றம் பெற்ற பரப்பில் இரத்தம் எளிதில் உறைவதை அமெரிக்க அறுவை மருத்துவர் பிலிப் சாயர் உலோகங்களைக் கொண்டு கண்டறிந்தார். இதையொட்டி மார்க் கோல்டின் உள்ளிட்ட ரஷ்ய ஆய்வாளர்கள், கரியின் மின்னழுத்தத்தை முன்கூட்டியே மாற்றியமைத்து, இரத்த அணுக்களுக்கு ஏற்படும் சேதத்தைக் குறைக்கவும் குறிப்பிட்ட பொருள்களைக் கூடுதலாகக் கவரச் செய்யவும் முயன்றனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவது தெளிவானது. கரியின் பரப்பு மின்னேற்றத்தையும் அளவையும் நீரோடு ஒரு மூலக்கூறுக்குள்ள நாட்டத்தையும் வேறுபடுத்துகிறது. நஞ்சை நஞ்சென்று அது வேறுபடுத்துவதில்லை. தூக்கமருந்தைப் பிடிக்கும் கரியே உடலுக்குத் தேவையான குளுக்கோஸையும் பிடிக்கிறது. சிறுநீரக நோயில் தேங்கும் யூரியாவையும் பொட்டாசியத்தையும் அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால்தான் இம்முறை டயாலிசிஸுக்கு மாற்றாகவில்லை. மஞ்சள்காமாலையில் பெருகும் பிலிருபின், ஆல்புமின் புரதத்தோடு பிணைந்திருக்கும்போது நுண்துளைக்குள் நுழைய முடிவதில்லை.

தியோஃபிலின் இன்னும் கூர்மையான சான்று. ஆஸ்துமாவுக்கு வழங்கப்படும் இம்மருந்து இரத்தத்தில் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருந்தால் மூச்சுக்குழல் தளரும் என்பது மருத்துவத்தில் நெடுங்காலம் கொள்ளப்பட்ட அளவு. அதைப் பன்மடங்கு மீறினால் வலிப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். அப்போது அதை நீக்கக் கரி பயன்படுகிறது. குணப்படுத்திய மூலக்கூறும் கொல்ல வந்த மூலக்கூறும் ஒன்றே. அளவே நஞ்சை ஆக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் வாதிட்டது இங்கே அப்படியே பொருந்துகிறது. பிரித்தெடுக்கத்தக்க தீப்பொருள் ஒன்று உண்டு என்னும் மானியின் நிலைப்பாடு இங்கே நிற்க முடியாது.

நஞ்சு வெறும் உறவு என்றால் அது பார்ப்பவரின் கருத்தாகிவிடாதா என்று ஒருவர் மறுக்கலாம். ஆகாது. 1665இல் பிளையன்பெர்க் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் மெய்யியலாளர் ஸ்பினோசா, விவிலியத்தில் கனியை உண்ணக் கூடாதென ஆதாமுக்கு விதிக்கப்பட்ட தடையை இவ்வாறே விளக்கினார்: அக்கனி அவனுக்குக் கேடு விளைவிக்கும் என்பதை, நஞ்சு கொல்லும் என்று இயற்கையறிவு உணர்த்துவதுபோல, இறைவன் உணர்த்தினார். கனி தன்னளவில் தீயதன்று; ஆனால் ஆதாமின் உடலோடு அதற்குள்ள பொருத்தமின்மை யாருடைய விருப்பத்தையும் சார்ந்ததன்று. தட்டணுக்களின் வீழ்ச்சியும் அப்படிப்பட்டதே. உறவு என்பதாலேயே அது பொய்யாவதில்லை.

இதனால் தூய்மை என்னும் கருத்தும் திருத்தம் பெறுகிறது. தூய்மையாக்கல் என்பது தீய பொருளை ஒழிப்பதன்று. ஓர் உயிருக்கு உரிய அளவை மீட்டுத் தருவது. அந்த அளவு கரிக்குத் தெரியாது. அது உயிரின் இயல்பில் இருக்கிறது. கரியின் மின்னழுத்தத்தை நிறுவும் வேதியியலாளரும், சிகிச்சையின்போது குளுக்கோஸையும் கால்சியத்தையும் தட்டணுக்களையும் அளந்து பார்க்கும் மருத்துவரும் அந்த அளவை அறிந்து காக்கிறார்கள். எதை நீக்குவது, எதை விடுவது, எப்போது நிறுத்துவது என்னும் பொறுப்பு முழுவதும் மனிதருடையது.